ஆறரை மணி ஆஜர்

மாடம்பாக்கம்
14.6.92

அன்புத் தங்கை அமலராணிக்கு,

மாதா காப்பாற்றுகிறதில் இந்த வீட்டில் ஐந்து பேரும் நலம். மலைக்குளிர் உன் முழங்காலை என்ன பாடு படுத்துகிறது? நான் அனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டதா? கான்வென்ட் சமையலறையில் ஈரத்தரையில் நிற்காதே. சிஸ்டர்மாரிடம் ஒரு மரப்பலகை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்.

உன் மகன் மாடி அறையில் சௌக்கியம். குரோம்பேட்டைத் தோல் கம்பெனியில் டெலிபோன் போர்டு வேலைக்கு ரயிலில் தானே போய்த் தானே வருகிறான். துணைக்கு ஆள் அனுப்புகிறேன் என்றால் சின்னப்பனுக்குக் கோபம் வருகிறது. "கண்ணுதான் இல்ல பெரியம்மா, காலு இருக்கு" என்கிறான். காலை ஆறரைக்கு அவனுடைய ஹாம் ரேடியோ தவறுவதில்லை. மெட்ராஸ், சேலம், பெங்களூர் என்று பல ஊரிலும் லைசென்ஸ் வைத்திருக்கிற ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஆஜர் எடுக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பேத்தி ஜெசிந்தா ஒரு பெட்டி பண்ணியிருக்கிறாள். டிபன் டப்பா அளவுதான். ஒரு பக்கம் கம்ப்யூட்டர், மறுபக்கம் ரேடியோ செட். (கம்ப்யூட்டர், என் மகன் துரையின் ஆபீசில் கழித்துக் கட்டியது. அவன் வாங்கிவந்து மகளுக்குக் கொடுத்தான்.) கம்ப்யூட்டரில் அடிக்கிற எழுத்தை அந்தப் பெட்டி சத்தமாக்கி ரேடியோவில் அனுப்புகிறது. எதிர்ப்பக்கம் இதே மாதிரி பெட்டி இருந்தால், சத்தத்தைத் திரும்ப எழுத்தாக்கித் திரையில் காட்டும். துண்டு துண்டாகப் போகுமாம். ஒரு துண்டு கெட்டுப்போனால் அந்தப் பெட்டி அதை வாங்கிக்கொள்ளாது. சரியாகப் போய்ச் சேரும்வரை இது விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். பாக்கெட் ரேடியோ என்று பெயர். மெட்ராஸில் இதை வைத்திருக்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று சின்னப்பனே சொன்னான்.

ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தி மாவாட்ட வைத்தார் நம் அப்பா. அவர் இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும். காலேஜ் மூன்றாம் வருடம்தான் படிக்கிறாள் ராணி! கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் நாலு பேர் என்னிடம் அவளைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் சொல்வதும் உண்டுதான், அவர்களாகக் கேட்பதும் உண்டு.

சின்னப்பன் உனக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

உன் அக்கா
செல்வமேரி

ஏற்காடு
2.7.92

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. இங்கே கான்வென்ட் திருவிழா. முந்நூறு பேருக்குச் சமையல். அதனால் தாமதம். முழங்கால் அப்படியே இருக்கிறது. தைலம் பாதி இருக்கிறது. துரைக்கும் மருமகளுக்கும் என் அன்பு. ஜெசிந்தாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். நம் குடும்பத்தில் இப்படி ஒரு பெண் வரும் என்று யார் நினைத்தது!

சின்னப்பன் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். அவன் என்ன சொல்வான்? அவன் கடிதத்தை நீதான் எழுதுகிறாய். என் கடிதத்தையும் நீதான் அவனுக்கு வாசிக்கிறாய். நடுவில் பெரியம்மா இருக்கும்போது மகன் அம்மாவிடம் என்ன பேசிவிட முடியும்? குறையாகச் சொல்லவில்லை அக்கா. நீ இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

எனக்கு ஆறரை மணி போதும். அடுப்பு மேடைக்கு மேலே பரணில் ரேடியோ. போன முறை வந்தபோது அவன் பண்ணிக் கொடுத்த சின்னப் பெட்டியைப் பக்கத்தில் வைத்தால்தான் பேச்சு பேச்சாகக் கேட்கும். இல்லாவிட்டால் வாத்து கத்துகிற மாதிரி இருக்கும். லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு அதில் செய்தி சொல்வது சட்டப்படி குற்றமாம். அதனால் என் பேரை அவன் எடுப்பதில்லை. எடுக்கவும் வேண்டாம். அவன் பெங்களூர்க்காரரிடம் ஏரியல் கம்பியைப் பற்றிப் பேசினாலும், மெட்ராஸ் ராஜகோபால் சாரிடம் மழையைப் பற்றிப் பேசினாலும் எனக்கு ஒன்றுதான். குரலைக் கேட்டால் அவன் தூங்கினானா, சாப்பிட்டானா, மனசு எப்படி இருக்கிறது, எல்லாம் தெரிந்துவிடும். பெற்றவளுக்குத் தெரியாதா?

சிஸ்டர் பிலோமினா கிண்டல் பண்ணுகிறார். "ராணி, கஞ்சி அடிபிடிக்கிற வாசனை வந்தா உங்க பையன் பேச ஆரம்பிச்சுட்டான்னு நாங்க தெரிஞ்சுக்கிறோம்" என்கிறார். உண்மைதான். நேற்றும் அடிபிடித்தது.

என்றும் உன்
அமலராணி

மாடம்பாக்கம்
26.7.92

அன்புத் தங்கைக்கு,

உன் முழங்காலுக்காக மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். இங்கே எல்லாரும் நலம். வெயில் இன்னும் குறையவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டுகிறது.

போன ஞாயிறு நம் வீட்டில் பெரிய கூட்டம். இந்தப் பக்கத்து ஹாம் ஆட்கள் எல்லாரும் ஜெசிந்தாவின் பெட்டியைப் பார்க்க வந்தார்கள். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் இருந்து ரிட்டயரான ராஜகோபால் சார் வந்தார். தாம்பரம் மார்க்கெட்டில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிற முஸ்தபா வந்தார். இன்னும் பத்துப் பேர். மாடிப்படி முழுக்கச் செருப்பு. எல்லாருக்கும் நானே கேசரி கிண்டினேன்.

முஸ்தபா வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார். "இன்னாம்மா ஜெசிந்தா, வாய் இருக்கிறவனையெல்லாம் ஊமையாக்கிடுவே போலக்கீது?"

"பேசுறப்போ பாதி நேரம் 'கேக்கல, கேக்கல'ன்னுதானே கத்துறீங்க அண்ணே? இதுல ஒரு எழுத்துகூட விட்டுப்போகாது" என்றாள் இவள்.

ராஜகோபால் சார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எனக்குக் காலையில ஆறரைக்கு மைக் முன்னாடி உட்கார முடியலைம்மா. வீட்ல திட்டு. இதுல எப்ப வேணா வரலாமா?"

"எப்ப வேணா சார். நீங்க தூங்கினாலும் உங்க பெட்டி வாங்கி வச்சுக்கும். பதிலும் போடும்."

"பதில் யார் போடுறது?"

"பெட்டிதான்."

"அப்போ எங்க வூட்டுக்கு ஒண்ணு குடு" என்றார் முஸ்தபா. "நான் கடையில குந்திகினு இருப்பேன். ஷரீஃபா கூப்பிட்டா பெட்டி பதில் சொல்லிக்கும்." எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு ஜெசிந்தா விசையைத் தட்டினாள். பெட்டி கொர்ரென்று கத்தியது, நின்றது, மறுபடி கத்தியது. திரையில் பெங்களூரிலிருந்து எழுத்து வந்தது. வணக்கம் என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தார்கள். அத்தனை பேரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை.

இந்தப் பக்கத்தில் நல்ல ஏரியலும் நல்ல செட்டும் சின்னப்பனுடையதுதான். பெங்களூர், சேலம் ஆட்களுக்கும் காலை ஆறரைதான் தோதான நேரம். ஆகவே வாயால் எடுக்கிற ஆஜரை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தையும் செட்டையும் பெட்டிக்குக் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தது. எல்லாரும் சின்னப்பன் பக்கம் திரும்பினார்கள். "செட்டு உன்னோடது, நேரமும் உன்னோடது, நீ சொல்லு" என்றார் ராஜகோபால் சார்.

அவன் தலையைச் சாய்த்து அந்தக் கொர்ரையே கேட்டுக்கொண்டிருந்தான். "கட்டிக்கங்க. எனக்கென்ன?" என்றான். என்ன பெருந்தன்மை பார்!

ஆகஸ்டு ஒன்றாம் தேதியிலிருந்து ஆரம்பம். உனக்கு அவன் குரல் வராதே என்று எனக்கு அப்போதே ஒரு நினைப்பு வந்தது. அதற்குத்தான் நான் இருக்கிறேனே, பதினைந்து நாளைக்கு ஒரு தரம் எல்லாம் எழுதிவிடலாம் என்று சமாதானம் ஆனேன்.

உன் அக்கா
செல்வமேரி

ஏற்காடு
30.8.92

அன்புள்ள அக்கா,

சுகம். நீயும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன்.

பெட்டி வேலை செய்வது இங்கே நன்றாகத் தெரிகிறது. ஆறரைக்கு முள்ளை அந்த இடத்தில் வைத்தால் கொர்ர், கொர்ர் என்று வருகிறது. உன் கடிதம் வர நாளாகிவிட்டது. அதற்குள் ரேடியோதான் பழுது என்று நினைத்து எஸ்டேட் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிட்டேன். அவர் கழற்றிப் பார்த்து, "செட்ல ஒண்ணும் இல்லம்மா, அங்க யாரோ என்னமோ அனுப்புறாங்க" என்றார். யாரோ இல்லை, என் அக்கா பேத்தி என்று சொன்னேன்.

கொர்ரென்று வருவதில் எது ஜெசிந்தா அனுப்புவது, எது பெங்களூர் அனுப்புவது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது.

சின்னப்பன் காலையில் இப்போது அந்த நேரத்தில் என்ன செய்கிறான்?

கஞ்சி அடிபிடிப்பதில்லை. சிஸ்டர்மாருக்குச் சந்தோஷம்.

அமலராணி

மாடம்பாக்கம்
13.9.92

அன்பான ராணிக்கு,

மாதா பிறந்தநாள் திருவிழா நன்றாக நடந்தது. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது என்றார் டாக்டர். வேறு குறை இல்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

சின்னப்பன் என்ன செய்கிறான் என்று கேட்டிருந்தாய். முதல் இரண்டு வாரம் ஜெசிந்தா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான். அவள் திரையில் வருவதை வாசித்துச் சொல்வாள். டைப் அடிக்க அவனுக்கு நன்றாகத் தெரியுமே, பதிலை அவனே அடிப்பான். ஆனால் அவள் காலேஜுக்குக் கிளம்பிவிட்டால் திரை இருந்தும் அவனுக்குப் பிரயோசனம் இல்லை. இவளுக்கு அது பொறுக்கவில்லை. நாலு நாள் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினாள். திரையில் வருகிற ஒவ்வொரு எழுத்தையும் கம்ப்யூட்டர் தந்தி பாஷையில் டிட் டா என்று அடித்துக் காட்டுகிறது. தந்தி பாஷைதான் அவனுக்கு மூச்சு மாதிரி ஆயிற்றே! இப்போது யார் உதவியும் இல்லாமல் தன் கடிதத்தைத் தானே வாசிக்கிறான். தனக்கு வந்ததைத் தானே வாசிப்பது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை என்றான். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ராஜகோபால் சாருக்கும் முஸ்தபாவுக்கும் இதே மாதிரி பெட்டி கட்டிக் கொடுத்துவிட்டாள். இன்னொன்றும் செய்திருக்கிறாள். அவன் வேலைக்குப் போயிருக்கும்போது யாராவது எழுதினால், பெட்டியே அவன் பேரில் பதில் போட்டுவிடும். "காலை வணக்கம், கிடைத்தது, நன்றி, சின்னப்பன்." இங்கிலீஷில்தான். எழுதியவர்களுக்கு அவனே எழுந்து வந்து சொன்ன மாதிரி இருக்கும். ராஜகோபால் சார் இதைப் பார்த்துவிட்டு, "உங்க பேத்தி மூளைக்கு இன்ஷூர் பண்ணுங்கம்மா" என்றார்.

ஆகவே நீ அவனைப் பற்றிக் கவலைப்படாதே. ரேடியோ முன்னால் காத்துக்கிடக்கிற வேலையும் உனக்கு மிச்சம். நான் எழுதுகிறேன்.

உன் அக்கா
செல்வமேரி

ஏற்காடு
11.10.92

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குச் சர்க்கரை கூடியதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வெந்தயம் ஊறவைத்துக் குடி.

அவனே வாசிக்கிறான் என்றது சந்தோஷம். மெய்யாகவே சந்தோஷம். சிஸ்டர் பிலோமினாவிடம் சொன்னேன். அவர் ஜெசிந்தாவுக்காக ஒரு செபமாலை சொன்னார்.

ரேடியோவைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். சமையலறைக் கரி படிகிறது.

அவன் குரல் எப்படி இருக்கிறது? அடுத்த கடிதத்தில் அதை மட்டும் எழுது. மற்றது எல்லாம் நீ எழுதிவிடுகிறாய்.

அமலராணி

மாடம்பாக்கம்
15.11.92

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். திண்டுக்கல்லில் மருமகளின் தம்பி கல்யாணம். போய்வந்தோம். அதோடு மழை. முடிச்சூர் பக்கம் வயல் எல்லாம் ஏரி மாதிரி நிற்கிறது. மாடம்பாக்கத்திலும் தெருவில் முழங்கால் தண்ணீர்.

சின்னப்பன் நலம். கம்பெனியில் லீவு போட்டுவிட்டு ஓய்வெடுத்துக்கொள்கிறான். குரல் நன்றாக இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு அவனிடமிருந்து கடிதம் எதிர்பார்க்க வேண்டாம், எனக்குக் கை ஒழியவில்லை.

நீ மழையில் நனையாதே.

செல்வமேரி

ஏற்காடு
20.11.92

அக்கா,

நான்கு நாளாக இங்கே மழை. மலையில் கரண்ட் இல்லை. மழைச் செய்தி கேட்க சிஸ்டர் என் பேட்டரி ரேடியோவைக் கேட்டார். நேற்றுக் காலை துணியை எடுத்துவிட்டுத் திருப்பினேன். பழகின கை, முள்ளை அந்த இடத்துக்கே கொண்டுபோய் வைத்தது. கொர்ர் இல்லை. பேச்சு.

ராஜகோபால் சார் பேசினார். மெட்ராஸிலும் கரண்ட் போய்விட்டதால் கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துவிட்டது, கார் பேட்டரியில் பேசுகிறோம், எல்லாரும் பத்திரமா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். சின்னப்பன் எடுக்கிற ஆஜரை இவர் ஏன் எடுக்கிறார் என்று நினைத்தேன். முஸ்தபா பேர் வந்ததும், "சின்னப்பனைப் பார்த்தியாப்பா?" என்று கேட்டார்.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டுதான் வந்தேன் சார். கால்ல வெயிட்டு கட்டித் தொங்கவுட்டுக்கீறாங்க. ஆறு வாரம்ன்றாங்க" என்றார் அவர்.

கஞ்சிப் பானையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் உன் கடிதம் வந்தது. சின்னப்பன் நலம், ஓய்வெடுத்துக்கொள்கிறான்.

மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் கிடையாது. போன் லைனும் செத்துவிட்டது. தபாலை ஆள்வைத்துச் சுமந்து இறக்குகிறார்கள். இதையும் அதில் போடுகிறேன். பாதை திறந்த அன்றைக்கே கிளம்புவேன். அதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி எழுது.

அவன் குரல் வந்துகொண்டிருந்தால் நீ மறைத்திருக்க முடியுமா? எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அமலராணி

மாடம்பாக்கம்
27.11.92

ராணி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் எழுத உட்காரவில்லை. இன்று எழுதுகிறேன். அவன் உயிருக்கு ஒன்றும் இல்லை. அதை முதலில் தெரிந்துகொள்.

நாங்கள் திண்டுக்கல் கிளம்பியபோது அவன் வரவில்லை என்றான். வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறினோம். சனிக்கிழமை விடிகாலை, ஏரியல் கம்பி இணைப்பில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று கையால் தொட்டுப் பார்க்க மொட்டைமாடிக்கு ஏறியிருக்கிறான். பாசி. வழுக்கி விழுந்து இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது. நகர முடியவில்லை. இரண்டு பக்கமும் காலி மனை, உனக்குத் தெரியும். மழைச் சத்தம் வேறு. கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

முன்பென்றால் ஆறரைக்கு அவன் வாய் திறக்காவிட்டால் ஆறே முக்காலுக்கு முஸ்தபா சைக்கிளில் வந்திருப்பார். இப்போது அறையில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. எழுதின எல்லாருக்கும், "காலை வணக்கம், கிடைத்தது, நன்றி, சின்னப்பன்" என்று பதில் போய்க்கொண்டே இருந்தது. அவன் தலைக்கு மேலே இருக்கிற கம்பி வழியாகத்தான் போனது. சனி முழுக்க, சனி ராத்திரி முழுக்க.

ஞாயிறு காலை முஸ்தபா வேறு வேலையாக வந்தார். சின்னப்பனிடம் வாங்கிப்போன, ஈயம் பற்றவைக்கிற கோலைத் திருப்பிக் கொடுக்க வந்தாராம். கேட் பூட்டியிருந்தது. "இப்பதான் பதில் போட்டான், உள்ளதான் கீறான்" என்று நினைத்து விடாமல் கூப்பிட்டிருக்கிறார். அப்போதுதான் மாடியிலிருந்து முனகல் கேட்டிருக்கிறது.

இதில் ஜெசிந்தா மேல் ஒரு குற்றமும் இல்லை. பெட்டி, செய்யச் சொன்னதைச் செய்தது. யார் என்ன சொன்னாலும் நான் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்தப் பிள்ளை மூன்று நாள் சோறு தொடவில்லை. கம்பியையெல்லாம் பிடுங்கி அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டாள். இந்த நேரத்தில் உனக்கும் எழுதினால் நீ அவளை என்ன நினைப்பாய் என்று இருந்தது. அதனால் எழுதவில்லை. அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

நேற்று உன் கடிதத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் வாசித்தேன், ஒரு வரி விடாமல். கடைசி வரி வந்ததும் சிரித்துவிட்டான். கட்டிவிட்ட வெயிட்டு ஆடி, நர்ஸ் வந்து திட்டினாள்.

"என்னடா சிரிப்பு?" என்றேன்.

"அம்மாவுக்கு என்ன தெரிஞ்சிருக்கும் பெரியம்மா? காய்ச்சல் வந்தா வெந்நீர்ல தொண்டையக் கொப்புளிச்சுட்டுத்தான் மைக்கப் பிடிப்பேன். போன வருஷம் டைபாய்டு வந்தப்பவும் அப்படித்தான் பேசினேன். ஆபீஸ்ல திட்டு வாங்கினாலும், ரயில்ல எவனாவது தள்ளிவிட்டுட்டுப் போனாலும், மறுநாள் ஆறரைக்கு நல்லா இருக்கிற மாதிரி பேசணும். பத்துப் பேருக்காகவா பேசினேன்? அங்க ஒருத்தி அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டுக் கேட்பாளேன்னுதான்."

"அப்போ பெட்டி வந்தது உனக்கு வருத்தமில்லையா?" என்று கேட்டேன்.

"முதல் வாரம் இருந்துச்சு. அப்புறம் அப்பாடான்னு ஆயிருச்சு. விடிஞ்சா நல்லா இருக்கணும்ன்ற கட்டாயம் இல்ல பாருங்க. ஜெசிந்தாவ மறுபடி கம்பியக் கட்டச் சொல்லுங்க. எனக்கு வந்தத நானே படிக்கணும்."

"உங்கம்மா குரலக் கேக்குறாளேடா."

"நல்லா இருக்கேன்னு எழுதாதீங்க பெரியம்மா. காலு வலிக்குது, ராத்திரி தூக்கமில்ல, பக்கத்து பெட்காரர் குறட்டை தாங்கல, எழுதுங்க" என்றான். எழுதிவிட்டேன்.

சாயங்காலம் ராஜகோபால் சாரும் முஸ்தபாவும் வந்தார்கள். படுக்கையைச் சுற்றி நின்று ஒரு முடிவு பண்ணினார்கள். "'கிடைத்தது'ன்னு வந்தா பெட்டிக்குக் கிடைச்சுதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். ஆள் இருக்கானான்னு ஆள்தான் சொல்லணும்" என்றார் ராஜகோபால் சார். ஆகவே இனி ஆறரைக்கு முதலில் வாயால் ஆஜர். பேர் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால், பக்கத்தில் இருக்கிறவர் நேரே அந்த வீட்டுக்குப் போக வேண்டும். ஆஜர் முடிந்த பிறகு பெட்டி.

"மறுபடி நீதான்ப்பா எடுக்கணும்" என்றார் முஸ்தபா. "உன் கணக்கா யாருக்கு வரும்?"

"முறை வச்சுக்குங்க. எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் போதும்" என்றான் உன் மகன். "மத்த நாள்ல இருக்கேன்னு மட்டும் சொல்வேன். அதுவும் எப்படி வருதோ அப்படித்தான்."

பாதை திறந்ததும் வா. ஸ்வெட்டர் வேண்டாம், இங்கே குளிர் இல்லை.

உன் அக்கா
செல்வமேரி

ஏற்காடு
18.1.93

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மலைப்பாதையில் இன்னும் ஒரு பக்கம்தான் வண்டி விடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு உங்களோடு இருந்தது, அவனை வீட்டுக்கு அழைத்துவந்து மாடிக்குப் பதிலாகக் கீழ் அறையில் ரேடியோ செட்டோடு படுக்க வைத்தது, ஜெசிந்தா எனக்குப் பெட்டியைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தது, எல்லாம் மனசில் இருக்கிறது. அவளிடம் நான் கோபமாக இருக்கவில்லை என்று மறுபடி சொல். உன்னிடம் இருந்தேன். இப்போது இல்லை.

அந்த மூன்று வாரமும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "வலிக்குதாடா?" என்றால் "பரவாயில்லம்மா" என்பான். "தூங்கினியாடா?" என்றால் "தூங்கினேன்" என்பான். கண் எதிரே இருந்தும் நான் கேட்டது அவ்வளவுதான்.

நேற்று அவன் முறை. சிஸ்டர் பிலோமினா, இன்னும் இரண்டு சிஸ்டர்மார், எல்லாரும் பரணுக்குக் கீழே நின்றோம். குரல் கரகரவென்று வந்தது. மூக்கு அடைத்திருந்தது. நடுவில் இரண்டு தடவை இருமினான். தொண்டையைக் கொப்புளிக்கவில்லை என்று தெரிந்தது. மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது, ஸ்கேலை விட்டுச் சொறிந்துகொள்கிறேன் என்று பெங்களூர்க்காரரிடம் சொன்னான். இனிமேல் மொட்டைமாடி ஏறப் பயமாக இருக்கிறது என்றான். அவன் பயம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை அக்கா. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு ராஜகோபால் சார், "சாப்பாடெல்லாம் எப்படிப்பா?" என்று கேட்டார்.

"அத ஏன் சார் கேக்குறீங்க? எங்க பெரியம்மா சமையல்ல உப்பு ஜாஸ்தி. வேலைக்குப் போறப்போ வெளியில எதையாவது தின்னு சமாளிச்சேன். இப்ப மூணு வேளையும் அதேதான். தப்பிக்கக் காலும் இல்ல" என்றான்.

முஸ்தபா சிரித்த சிரிப்பில் ரேடியோ அதிர்ந்தது. "ஷரீஃபாகிட்ட சொல்லி இன்னிக்கே பிரியாணி அனுப்புறேன்" என்றார். சேலத்திலிருந்து யாரோ, எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றார். நான் சிரித்ததில் சிஸ்டர்மார் பயந்துபோய் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். கஞ்சி தீய்ந்து, மறுபடி வைத்தோம்.

உனக்குக் கோபம் வரும். அவனைத் திட்டாதே. அந்த மூன்று வாரமும் நானும் அதைத்தான் சாப்பிட்டேன். நானும் வாய் திறக்கவில்லை. கொஞ்சம் குறைத்துப் போடு.

உன் தங்கை
அமலராணி